மாசிடோனியரும் தென் அமெரிக்கரும்: ஆஸ்திரேலியாவில் யார் வசதியாக வாழ்கிறார்கள்?

வடகரை எழுதியது:

மெல்பர்னின் வடபுறத்தில், எப்பிங்குக்குப் பக்கத்தில், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியிருக்கிறேன். எங்கள் வட்டார நூலகத்தில் அடுத்த மாதம் குடியேறிகளின் பொருளாதார நிலை பற்றிப் பேசுகிறார்கள். என்னையும் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகக் கையில் கொடுத்த குறிப்பில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வடமாசிடோனியாவில் பிறந்தவர்களின் இடைநிலை வார வருமானம் சிலே, கொலம்பியா, பிரேசில் நாடுகளில் பிறந்தவர்களுடைய வருமானத்தைவிடக் குறைவு என்றும், ஆகவே மாசிடோனியர்கள் பின்தங்கிய சமூகம் என்றும் அதில் எழுதியிருக்கிறது. முதல் பாதி சரியாகவே இருக்கலாம். அந்த ‘ஆகவே’தான் எனக்குச் செரிக்கவில்லை.

காரணம், நான் தினமும் பார்ப்பது வேறு. என் பக்கத்து வீட்டுக்காரர் வடமாசிடோனியாவின் பித்தோலா நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து 1971இல் வந்தவர். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு உழைத்தார். அவருடைய மனைவி தையல் ஆலையில் வேலை செய்தார். வீட்டுக் கடன் என்றோ முடிந்துவிட்டது. பின்கட்டில் ஒரு சிறு வீடும் கட்டியிருக்கிறார். ஒவ்வொரு மார்ச்சிலும் மூட்டை மூட்டையாகச் சிவப்புக் குடைமிளகாய் வாங்கி, கார் கொட்டகையில் தகர அடுப்பு மூட்டிச் சுட்டு, தோலுரித்து அரைத்து, ‘அய்வார்’ என்று அவர்கள் சொல்லும் விழுதைப் போத்தல்களில் அடைப்பார்கள். அன்று தெரு முழுவதும் புகை மணக்கும். எங்களுக்கும் வேலிக்கு மேலாக ஒரு போத்தல் வரும்; நாங்கள் எலுமிச்சை ஊறுகாய் கொடுப்போம்.

அந்தப் பின்கட்டு வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் கொலம்பியாவிலிருந்து படிக்க வந்த இளம் தம்பதியர். கணவர் கட்டடப் பொறியாளர். இங்கே இரவில் அலுவலகங்களைத் துடைக்கிறார். மனைவி கணக்காளர், ஓர் உணவகத்தின் சமையல்கட்டில் நிற்கிறார். கணக்கெடுப்புப் படிவத்தில் இவர்கள் இருவரும் எழுதும் வருமானம், முன்கட்டில் ஓய்வூதியத்தில் இருக்கும் இருவரும் எழுதுவதைவிட நிச்சயம் கூடுதல். அந்தக் குறிப்பின்படி பின்கட்டில் இருப்பவர்களே வசதியானவர்கள். விவரம் தெரிந்தவர்கள் இதை எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டுகிறேன்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

வடகரை அண்ணா, உங்களுக்கு உறுத்தியது சரியான இடம்தான். இந்த அட்டவணைகளோடு சில ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் அந்த எண் எதை அளக்கிறது என்று பார்ப்போம். 15 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோரையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவருடைய வாரவருமானமே இடைநிலை வருமானம். 2011 கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியா முழுமைக்கும் அது 577 டாலர். இந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு 597. வெளிநாட்டில் பிறந்தவர்கள் அனைவருக்கும் 538. வேலைக்குப் போகிறவர், ஓய்வு பெற்றவர், படிக்கிறவர் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். வடமாசிடோனியாவில் பிறந்தவர்களோ வயதான கூட்டம். பெரும்பாலோர் 1960களிலும் 70களிலும் வந்தவர்கள். அவர்களுடைய இடைநிலை வயது 50ஐத் தாண்டி வெகுநாளாகிறது. அந்த வரிசையின் நடுவில் நிற்பவர் ஓய்வூதியம் வாங்குகிறவராகவோ அதை நெருங்குகிறவராகவோ இருந்தால், வருமானம் குறைவாகத்தானே இருக்கும்? அதை ஓர் இனத்தின் வறுமை என்று படிப்பது பிழை. அது முதுமையின் எண்.

இரண்டாவது, வரி பிடிப்பதற்கு முந்தைய வருமானத்தைத்தான் படிவம் கேட்கிறது. வாடகை, கல்லூரிக் கட்டணம், விசாச் செலவு எதுவும் அதில் கழியாது. சொந்த வீட்டில் இருப்பவர் வாடகை கொடுக்காமல் மிச்சப்படுத்தும் பணமும் அதில் ஏறாது. முதியோர் ஓய்வூதியத்துக்குச் சொத்து மதிப்பைக் கணக்கிடும்போதும் குடியிருக்கும் வீட்டைச் சேர்ப்பதில்லை. ஆக, உங்கள் பக்கத்து வீட்டுக்காரருடைய வாழ்நாள் சேமிப்பு முழுவதும் இருக்கும் அந்த ஒரே பொருள், இந்த அட்டவணையின் கண்ணில் படவே படாது.

மூன்றாவது சிக்கல் பெயர்களில் இருக்கிறது. கிரேக்க உள்நாட்டுப் போருக்கு (1946–49) முன்னும் பின்னும் வட கிரேக்கத்திலிருந்து வந்த மாசிடோனியர்கள் கணக்கெடுப்பில் ‘கிரீஸில் பிறந்தவர்’ என்றே பதிவானார்கள். மற்றவர்கள், அவர்களுடைய நாடு அன்று யூகோஸ்லாவியாவின் ஒரு பகுதியாக இருந்ததால், நெடுங்காலம் ‘யூகோஸ்லாவியா’வுக்குள் அடங்கிக் கிடந்தார்கள். இன்று வடமாசிடோனியாவில் பிறந்தவர்கள் இங்கே சுமார் 40,000 பேர். தம் பூர்விகம் மாசிடோனியம் என்று சொல்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். எதை எடுத்துப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ‘தென் அமெரிக்கர்’ என்ற பெயரோ இன்னும் மோசம். 1970களில் வந்த சிலேக்காரருக்கும் 2018இல் மாணவ விசாவில் இறங்கிய பிரேசில்காரருக்கும் கண்டத்தைத் தவிரப் பொதுவாக என்ன இருக்கிறது?


எஃகுநகர் எழுதியது:

நான் வொல்லங்கொங்கில் இருக்கிறேன். எங்கள் ஊரில் இந்த இரண்டு சமூகங்களும் ஒரே ஆலையின் புகையில் வாழ்ந்தவை என்பதால் நீளமாக எழுத அனுமதியுங்கள்.

மாசிடோனியர்களுக்குப் ‘பெச்சால்பா’ என்றொரு பழஞ்சொல் உண்டு. ஆண்கள் ஊரை விட்டுப் போய்ச் சம்பாதித்து, மிச்சம் பிடித்து, திரும்பி வந்து நிலம் வாங்குவது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு மேற்கு ஆஸ்திரேலியாவில் காடு வெட்டவும் காய்கறி பயிரிடவும் வந்தவர்கள் அந்த எண்ணத்தோடுதான் வந்தார்கள். 1970இல் ஆஸ்திரேலியாவும் யூகோஸ்லாவியாவும் குடியேற்ற ஒப்பந்தம் செய்துகொண்ட காலத்தில் வந்தவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். போர்ட் கெம்ப்லா எஃகாலைக்கு மேலேயுள்ள கிரிங்கிலா மேட்டில் நின்றால் ஆலை முழுவதும் காலடியில் தெரியும். அந்த மேட்டில் மாசிடோனியர்கள் வீடு வாங்கினார்கள், கட்டினார்கள், இரண்டு குடும்பங்கள் ஒரே கூரையில் ஒண்டிக்கொண்டு கடனை அடைத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் அந்த ஆலையில் 20,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். ஆங்கிலம் தெரியாத ஒருவர் திங்கட்கிழமை வந்து இறங்கி, அந்த வாரமே வேலையில் சேர முடிந்த காலம் அது.

ஆனால் வேலை ஆண்களுக்கு மட்டுமே. ஊரில் வேறு பெரிய தொழில் கிடையாது. பெண்கள் கூலி தேடிச் சிட்னிவரை போய் வரவேண்டியிருந்தது. விண்ணப்பித்த பெண்களுக்கு ஆலை சொன்ன காரணம் எடை: பெண்கள் 16 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று அன்றைய சட்டத்தில் இருந்தது. 1980இல் முப்பது பேருக்கும் மேற்பட்ட பெண்கள், பெரும்பாலும் குடியேறிகள், பாகுபாட்டுக்கு எதிரான வாரியத்தில் முறையிட்டார்கள். ஆலை வாயிலில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். ஆலை இறங்கி வந்து பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எஃகு நெருக்கடி வந்தது. ‘கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே’ என்ற விதிப்படி பெண்களே முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆண்டுக்கணக்கில் வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு, தாமதமாக வந்தாய் என்று தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? அந்தக் கேள்வியைத்தான் அவர்கள் நீதிமன்றத்தில் கேட்டார்கள். 1985இல் தீர்ப்பாயத்திலும் 1989இல் உயர் நீதிமன்றத்திலும் வென்றார்கள். முதல் வழக்கில் தலைமை மனுதாரராக நின்ற நஜ்தோவ்ஸ்கா மாசிடோனியப் பெண். 1994இல் 700க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இழப்பீடு கிடைத்தது.

இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு கூலியா, இரண்டு கூலியா என்பதுதான் அந்தக் காலத்தில் சொந்த வீட்டையும் வாடகை வீட்டையும் பிரித்த கோடு. மெல்பர்னில் தையல் ஆலைகள் இருந்தன; வடகரை அவர்களுடைய பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வேலை கிடைத்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் அதற்காகப் பதினான்கு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஒரே சமூகம், ஒரே ஆண்டில் வந்தவர்கள், ஆனாலும் இறங்கிய ஊரைப் பொறுத்து நிலை வேறு. ‘மாசிடோனியர்’ என்று ஒரே எண்ணாகச் சொன்னால் இது மறைந்துபோகும்.


தென்கிழக்கு எழுதியது:

எஃகுநகர் ஐயாவின் பதிவைப் படித்து நெகிழ்ந்தேன். சிலேக்காரர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். 1980களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மெல்பர்னின் டாண்டினாங் பக்கம் குடியேறியபோது, என்னோடு அதே தொழிற்சாலையில் வேலை செய்தவர்களில் மூவர் சிலேயிலிருந்து வந்தவர்கள். ஒருவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1973 செப்டம்பர் 11 இராணுவப் புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டு ஓடி வந்து, ஸ்பிரிங்வேலில் இருந்த குடியேறிகள் விடுதியில் முதலில் தங்கியவர். அவருடைய சான்றிதழை இங்கே யாரும் ஏற்கவில்லை.

அவர் ஒருமுறை சொன்னதை என்னால் மறக்க முடியாது. வந்து ஏழெட்டு ஆண்டுகள் அவர்கள் பெட்டியை முழுமையாகப் பிரிக்கவே இல்லையாம். அடுத்த ஆண்டு ஆட்சி விழும், திரும்பிவிடலாம் என்று காத்திருந்தார்களாம். திரும்பப் போகிறவன் எதற்கு இங்கே முப்பது ஆண்டுக் கடனில் வீடு வாங்க வேண்டும்? மிஞ்சிய காசு ஊரில் சிறையில் இருந்தவர்களின் குடும்பங்களுக்குப் போனது. 1988 பொதுவாக்கெடுப்பில் இராணுவ ஆட்சியாளர் பினோசே தோற்று, 1990இல் ஆட்சி மாறியபோது அவருடைய பிள்ளைகள் இங்கே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போகவும் முடியவில்லை, வீடு வாங்கும் வயதும் கடந்துவிட்டது. எங்களில் எத்தனையோ பேருக்கு இது சொந்தக் கதைபோலவே இருக்கும். 1983க்குப் பிறகு வந்தவர்களும் பெட்டி பிரிக்காமல் இருந்தவர்கள்தாமே.

வீடு வாங்கத் தாமதித்ததற்கு விலை என்ன என்று பாருங்கள். 1986 ஏப்ரலுக்கு முன்பு வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு வட்டி 13.5 விழுக்காட்டுக்கு மேல் ஏறாதபடி வரம்பு இருந்தது. அதற்குப் பின் வாங்கியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1990 தொடக்கத்தில் அவர்கள் 17 விழுக்காடு கட்டினார்கள். அதைத் தொடர்ந்து வந்த பொருளாதாரச் சரிவில் வேலையும் போனது.


கணக்குப்பிள்ளை எழுதியது:

தென்கிழக்கு அவர்களே, உங்கள் நண்பரின் கதையை மதிக்கிறேன். ஆனால் எல்லாச் சிலேக்காரர்களையும் அகதிகளாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1973க்கு முன்பே, 1960களின் கடைசியிலிருந்து, விலைவாசியாலும் அரசியல் அச்சத்தாலும் வந்தவர்கள் கணிசமாக உண்டு. இடதுசாரி அதிபர் அல்யேந்தே ஆட்சிக்கு வந்ததைக் கண்டு அஞ்சிக் கிளம்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். உருகுவேயிலிருந்தும் அர்ஜெண்டினாவிலிருந்தும் வந்தவர்களும் அதே காலத்தவர்கள். இவர்கள் வந்ததும் பெட்டியைப் பிரித்தவர்கள். சிட்னி ஃபேர்ஃபீல்ட் பக்கம் இவர்களில் பலர் மாசிடோனியர்களைப் போலவே ஆலை வேலை பார்த்து, வீடு வாங்கி, இன்று ஓய்வூதியத்தில் இருக்கிறார்கள்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம், ‘மாசிடோனியர் சிக்கனக்காரர், இலத்தீன் அமெரிக்கர் செலவாளி’ என்றொரு பேச்சு இந்த ஊரில் உலவுகிறது. அது தவறு மட்டுமல்ல, அநியாயமும்கூட. வந்த ஆண்டு ஒன்றாகவும் குடும்பத்தில் சம்பாதித்தவர் எண்ணிக்கை ஒன்றாகவும் இருக்கும் இரண்டு குடும்பங்களை எடுத்து வையுங்கள். பிறந்த நாட்டால் வரும் வேறுபாடு எவ்வளவு சுருங்கிவிடுகிறது என்று தெரியும்.


இரவுப்பணி எழுதியது:

மாணவ விசாவில் வந்து, ஐந்து ஆண்டுகள் துப்புரவு வேலை செய்தபின் நிரந்தர வதிவிடம் பெற்றவள் நான். என்னோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேர் கொலம்பியா, பிரேசில் நாட்டவர். 2021 கணக்கெடுப்பின்படி இங்கே பிரேசிலில் பிறந்தவர்கள் 40,000க்கு மேல், கொலம்பியாவில் பிறந்தவர்கள் சுமார் 35,000. சிலேயில் பிறந்தவர்களைவிட இரு நாட்டவரும் அதிகம். ஆகவே ‘தென் அமெரிக்கர்’ வருமானம் என்று அட்டவணை சொல்வதைப் பெரிதும் தீர்மானிப்பவர்கள் இவர்களே.

எங்கள் கைப்பேசியில் எல்லோரும் ஒரு கணக்கு வைத்திருப்போம். படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பது விதி. முன்பு 40 மணி, 2023 ஜூலையிலிருந்து 48 மணி. திங்கள் இரவு நான்கு, செவ்வாய் ஐந்து என்று எழுதிக்கொண்டே வருவோம். எல்லை நெருங்கும் வெள்ளிக்கிழமை, மேற்பார்வையாளர் இன்னொரு கட்டடம் இருக்கிறது என்று கூப்பிட்டால் நெஞ்சு படபடக்கும். போனால் விசா போகலாம். போகாவிட்டால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார். விசா விண்ணப்பக் கட்டணமே 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆனது, 2025 ஜூலையில் 2,000 ஆனது. கணக்குப்பிள்ளை சொன்னதுபோல் இவை எதுவும் வருமான எண்ணிலிருந்து கழிவதில்லை.

2020 ஏப்ரலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உணவகங்கள் மூடின, அலுவலகங்கள் மூடின. வேலை போகாமல் காக்க அரசு கொண்டுவந்த ஊதிய உதவி தற்காலிக விசாக்காரர்களுக்குக் கிடையாது. செலவுக்கு வழியில்லாதவர்கள் ஊருக்குத் திரும்பும் நேரம் இது என்று பிரதமர் மோரிசன் சொன்னார். விமானமே பறக்காத மாதத்தில் சொன்னார். அறையில் என்னோடு இருந்த கொலம்பியத் தோழியும் நானும் அரிசியும் அவரையும் வைத்து ஓட்டினோம்; எங்களுக்குப் பசியாற்றியவை கோயில்களும் தேவாலயங்களும்தான். அந்த ஆண்டில் ஒரு மாசிடோனியப் பாட்டி எவ்வளவு ஏழையாக இருந்தாலும் அவருடைய ஓய்வூதியம் நின்றுபோகவில்லை. வருமானம் எவ்வளவு என்பதைக் காட்டிலும், அது நின்றால் யார் தாங்குவார்கள் என்பதே எனக்குப் பெரிய அளவுகோல்.


முதியோர்துணை எழுதியது:

இரவுப்பணி தங்கை எழுதியதில் ஒரு சொல்லையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த மாசிடோனியப் பாட்டியின் வீட்டுக்கு வாரம் இருமுறை போகிறவள் நான். அதனால் அவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

மெல்பர்னின் லேலரில் நான் கவனிக்கும் அம்மாவுக்கு எண்பதுக்கு மேல் வயது. தையல் ஆலையில் துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு இருபது ஆண்டு உழைத்தவர். இரண்டு மணிக்கட்டும் மடங்காது. போத்தல் மூடியை நான்தான் திறந்து தர வேண்டும். ஆலையில் பக்கத்து இருக்கைக்காரியும் ஊர்க்காரி என்பதால் ஆங்கிலம் கற்கும் தேவையே வரவில்லை; இன்று வங்கியிலிருந்து கடிதம் வந்தால் நான் வரும்வரை பிரிக்காமல் மேசைமேல் வைத்திருப்பார். வீடு பெரியது, கடனில்லை. ஆனால் ஜூலைக் குளிரில் ஓர் அறையில் மட்டும் சூடேற்றியைப் போட்டுக்கொண்டு, மற்ற அறைகளைப் பூட்டி வைத்திருப்பார். வீட்டை விற்றால் பெரும் பணம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். விற்றுவிட்டு, தேவாலயத்தையும் தெருவில் மிஞ்சியிருக்கும் மூன்று தோழிகளையும் விட்டு அவர் எங்கே போவார்? சொத்து இருக்கிறது, கைச்செலவுக்குக் காசு இல்லை. அந்த வருமான எண் முழுப் பொய்யும் அல்ல.

முதலாளி தரும் ஓய்வுக்கால நிதியான ‘சூப்பர்’ கட்டாயமானது 1992இல்தான். அதுவும் 3 விழுக்காட்டில் தொடங்கியது. இவர்கள் அப்போது ஆலைகளை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். 1973இல் இறக்குமதி வரியை ஒரே நாளில் 25 விழுக்காடு வெட்டியதிலிருந்தே தையல் தொழில் தேயத் தொடங்கிவிட்டது. யூகோஸ்லாவியாவில் உழைத்த ஆண்டுகளுக்கான ஓய்வூதியத்தைச் சேர்த்துக் கணக்கிட வழிசெய்யும் ஒப்பந்தம் வடமாசிடோனியாவுடன் 2011இல்தான் நடைமுறைக்கு வந்தது. சிலேயுடன் 2004இலேயே வந்துவிட்டது. இந்த அம்மாவின் கணவர் 2011க்கு முன்பே காலமாகிவிட்டார்.


எஃகுநகர் எழுதியது:

அடுத்த தலைமுறையையும் விட்டுவிடக் கூடாது. வடகரை அவர்கள் இருக்கும் பகுதியில் தந்தை வேலை செய்த அதே கார்த் தொழிலுக்கு மகனும் போன குடும்பங்கள் உண்டு. பிராட்மெடோஸ் ஃபோர்டு ஆலை 2016 அக்டோபரில் மூடியது; ஆல்டோனா டொயோட்டா ஆலை மறு ஆண்டு அக்டோபரில் மூடியது. ஐம்பது வயதில் வேலை இழந்தவருக்குத் தந்தையின் வீடு பெரிய பாதுகாப்பு. அப்படியொரு வீடு பின்னால் இல்லாத சிலே அகதியின் மகளோ படிப்பை மட்டுமே நம்பினாள். இதில் யார் முன்னே, யார் பின்னே என்று ஒரு வரியில் என்னால் சொல்ல முடியவில்லை.


வடகரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கொடுத்த குறிப்பைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நாட்டு வாரியாகப் பிரிப்பதற்குப் பதிலாக, 1975க்கு முன் வந்தவர்கள், 1975 முதல் 1990 வரை வந்தவர்கள், 2005க்குப் பின் வந்தவர்கள் என்று பிரித்து, வருமானத்தோடு வீட்டுரிமையையும் சேர்த்துப் பேசப்போகிறேன்.

நேற்று மாலை பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது, அவர் உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே இருவருடைய சம்பளச் சீட்டுகளும் ஆண்டுவாரியாக ரப்பர் போட்டுக் கட்டி இருந்தன. மனைவியின் கூலியில் சாப்பாடு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம்; தன் கூலி முழுவதும் வங்கிக்கு; பதினோரு ஆண்டில் கடன் முடிந்தது என்றார். கொலம்பிய இளைஞர் அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சீட்டுகளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். தங்கள் வீட்டில் மனைவியின் கூலி வாடகைக்கும், தன் கூலியில் பெரும்பகுதி கல்லூரிக்கும் போவதாகச் சொன்னார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டு, இந்த ஆண்டு குடைமிளகாய் சுடும் நாளில் விடுப்பு எடுக்க முடியுமா, மணிக்கட்டு வலியால் தன் மனைவியால் தோலுரிக்க முடிவதில்லை என்று அவரிடம் கேட்டார். இளைஞர் கைப்பேசியை எடுத்து, அந்த வாரத்து மணிக்கணக்கைப் பார்க்கத் தொடங்கினார்.